நான் வெட்டாத ஸ்டென்சில்

ஜப்பானில் நாலு பேர் முன்னால் மூக்கைச் சிந்தக் கூடாது என்பதைக் கும்மிடிப்பூண்டியில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வந்து, காலை பாசஞ்சரைப் பிடித்து, கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் தொழிற்சாலை வரும். அந்தப் பக்கம் அப்போது தொழிற்சாலைகள் குறைவு. சுற்றிலும் சவுக்குத் தோப்பும் வேலிக்காத்தான் புதரும்தான். எங்கள் கம்பெனியில் தண்ணீர் பம்புகளுக்கான பாகங்கள் செய்தார்கள். நான் ஆபீஸ் டைப்பிஸ்ட். முந்நூறு பேர் வேலை செய்த இடத்தில் நான் ஒருத்திதான் பெண்.

ஜப்பான் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் ஆகி, புது பிரஸ் மிஷின்கள் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு ஜப்பானிய இன்ஜினியரும் வந்து தங்கினார். அடுத்த கட்டமாக, எங்கள் தொழிலாளிகளில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்புவது என்று முடிவானது. ஏழு பேரும் பாஸ்போர்ட் என்ற சொல்லையே அப்போதுதான் கேள்விப்பட்டவர்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். தொழிலாளிகளைச் சேர்ப்பது, நீக்குவது, லீவு கொடுப்பது எல்லாம் அவர் கையில். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. குரலை உயர்த்தவும் மாட்டார். மேஜைமேல் ஜப்பானிலிருந்து வந்த சிறிய இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொது இடங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

"இதிலிருந்து முக்கியமானதைச் சொல்றேன். சுருக்கெழுத்துல எடுத்துக்கோ. முதல்ல ஒரு காப்பி அடிச்சுக் காட்டு, அப்புறம் காப்பி ஓட்டறதுக்கு மெழுகுத் தாள்ல ஸ்டென்சில் வெட்டலாம். கடைசியில ஒரு உறுதிமொழி வரும். ஏழு பேரும் கையெழுத்துப் போடணும். விதியை மீறினா பாதியில திருப்பி அனுப்பிடுவோம், வேலையும் போயிடும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வீட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. கக்கூசுக்கு என்று தனிச் செருப்பு இருக்கும், அதை வெளியே போட்டுக்கொண்டு வரக் கூடாது. குளிக்கும் தொட்டிக்குள் இறங்கும் முன்பே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், தொட்டிக்குள் சோப்பு போடக் கூடாது. ரயிலில் உரக்கப் பேசக் கூடாது. வரிசை தாண்டக் கூடாது. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையாலும் செய்ய வேண்டும். சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது செத்தவர்களுக்குப் படைக்கும் முறை. எழுத எழுத எனக்குச் சுவாரசியமாக இருந்தது. யோசித்து வைத்த விதிகள் என்று தோன்றியது.

பதினான்கு விதிகள் முடிந்ததும் அவர் புத்தகத்தை மூடினார். ஆனால் சொல்வதை நிறுத்தவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி இன்னும் நான்கு சொன்னார்.

பதினைந்து: தெருவில் நடந்துகொண்டே எதையும் தின்னக் கூடாது. பதினாறு: தங்கும் அறையில்கூடக் கையால் சாப்பிடக் கூடாது. பதினேழு: பொது இடங்களில் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ளக் கூடாது. பதினெட்டு: தகப்பனாரின் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் கூலி, மீன்பிடி, மாடு மேய்ப்பு என்றெல்லாம் சொல்லக் கூடாது. நிலபுலன் அல்லது வியாபாரம் என்று சொல்ல வேண்டும்.

பதினெட்டாவதை எழுதும்போது என் பென்சில் நின்றது. அவர் கவனிக்கவில்லை. "மத்தியானம் கேன்டீன்ல எல்லாரையும் உட்கார வெச்சு தமிழ்ல படிச்சுக் காட்டிடு. இங்கிலீஷ்ல போட்டா அவங்களுக்குப் புரியாது" என்றார்.

*

ஏழு பேரும் கேன்டீன் மூலையில் இரண்டு பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவரை மட்டும் சொன்னால் போதும். ஒருவர் லேத் ஓட்டும் டர்னர். நாற்பது வயதைத் தாண்டியவர், பெரியபாளையம் பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம், அதிகம் பேசமாட்டார். இன்னொருவன் வெல்டர், பழவேற்காட்டுக்காரன். அவன் அப்பா ஏரியில் வலை போடுகிறவர். என்னைவிட ஒரு வயதுதான் சிறியவன். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

மூக்கு விஷயத்தைப் படித்ததும் ஒரே சிரிப்பு.

"சளி புட்சா இன்னாக்கா பண்றது?"

"யாரும் இல்லாத இடத்துக்குப் போய்ச் சிந்திட்டு வரணும்."

குச்சி விஷயத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. டர்னர் தலையை ஆட்டினார். "செத்தவங்களுக்குப் படைக்கிறதுக்கு நமக்கும் ஒரு மொறை இருக்குதில்ல? அத நல்ல நாள்ல செஞ்சா நாமளும்தான் கோவப்படுவோம். அவங்க சொல்றது நாயந்தான்" என்றார். தொட்டிக் குளியலைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஊரே ஒரு தொட்டியில் இறங்குவதா, தண்ணீரை எப்போது மாற்றுவார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு விதிக்குக்கூட அவர்கள் முகம் சுளிக்கவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிற்பாடு "அந்தப் பசங்களுக்கு நாகரிகம் கத்துக்க இஷ்டமில்லை" என்று ஆபீசில் பேசினார்கள். அது பொய்.

பிறகு கடைசி நான்கையும் படித்தேன். பதினெட்டாவது முடிந்ததும் வெல்டர் தட்டில் இருந்த மிச்சச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டான்.

"யக்கா, இது சப்பான்காரன் எழுதினதா, நம்ம ஆளு எழுதினதா?"

எனக்குப் பதில் தெரியும்.

"எங்க நைனா ஏரில வலை போடறாரு. அத சொன்னா இன்னா கொறஞ்சு பூடும்? சப்பான்காரன் பொழுது விடிஞ்சா மீனுதானே துன்றான்? யாரோ ஒருத்தன் புட்சாதானே துன்ன முடியும்?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

*

சாயங்காலம் புதிய ஷெட்டுக்குப் போனேன். ஜப்பானிய இன்ஜினியர் மிஷின் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டை ஆபீசாக வைத்திருந்தார். வாசலில் அவருடைய பூட்ஸ் நேராக நிற்கும். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவருக்கும் எனக்கும் இருந்தது அரைகுறை இங்கிலீஷ்தான். ஆனால் எட்டு மாதமாக அவருடைய கடிதங்களை நான் அடித்துக் கொடுத்ததில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பழகியிருந்தது.

நான் அடித்திருந்த காப்பியை இரண்டு கையாலும் நீட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினான்கு வரை "ஆமாம், ஆமாம்" என்றார். பதினாறில் நிறுத்தினார்.

"சோற்று உருண்டையை நாங்களும் கையால்தான் சாப்பிடுவோம்" என்றார்.

"அப்படியென்றால் இது உங்கள் வழக்கம் இல்லையா?"

பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். "அது கொஞ்சம் கஷ்டம்" என்றார்.

"பதினெட்டு?"

மறுபடியும் காற்றை உறிஞ்சினார். "அதுவும் ரொம்பக் கஷ்டம்."

எட்டு மாதத்தில் எனக்கு இது மட்டும் விளங்கியிருந்தது: இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் அவர் கஷ்டம் என்பார். "இதை நீங்கள் பர்சனல் ஆபீசரிடம் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இங்கே விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரரைத் திருத்தக் கூடாது."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எழுந்தேன். அப்போது அவர் இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, என் முன்னால் விரித்து வைத்தார்.

"வந்த முதல் நாள் எனக்கும் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். இந்தியாவில் எப்படி நடந்துகொள்வது என்று."

எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் அடித்தது. 'e' என்ற எழுத்து பாதிதான் விழும், எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரின் அந்தத் தப்பு எனக்குத் தெரியும். இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள் என்று ஆரம்பித்தது. அது சரிதான். பிறகு எழுதியிருந்தது: தொழிலாளிகளோடு ஒரே பெஞ்சில் உட்காராதீர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிடாதீர்கள். கேன்டீனுக்குப் போகாதீர்கள். அயலார் அருகில் உட்கார்ந்தால் அவர்கள் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

"எட்டு மாதமாகத் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்" என்றார் அவர். "எனக்கு இடது கைப் பழக்கம். இங்கே எல்லாவற்றையும் வலது கையால் செய்யக் கற்றுக்கொண்டேன். அது பரவாயில்லை. ஆனால் நான் பக்கத்தில் போனால் ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். நான் உட்கார்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு விலகிப்போகிறேன்."

எழுந்து நின்றது மரியாதைக்கு. அவர் விலகிப் போனது அகம்பாவத்தால் என்று எங்கள் ஆட்கள் எண்ணியிருந்தார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

"இது எங்கள் வழக்கம் இல்லை" என்றேன். "இதில் கஷ்டம் எதுவும் இல்லை. இல்லவே இல்லை."

*

மறுநாள் காலை பர்சனல் ஆபீசர் காப்பியைப் பார்த்து, ஒரு கமாவை மட்டும் திருத்திவிட்டு, "ஸ்டென்சில் வெட்டு" என்று திருப்பிக் கொடுத்தார்.

"சார், கடைசி நாலும் அந்தப் புத்தகத்துல இல்ல."

"தெரியும். நான் சேர்த்தது."

"பட்டியல் தலைப்புல ஜப்பானியப் பழக்கவழக்கங்கள்னு இருக்கு சார். இது ஜப்பானியப் பழக்கம் இல்லையே. நம்ம கம்பெனி விதின்னு வேணா தனியா போடலாம், உங்க கையெழுத்தோட."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நம்ம கம்பெனி பேரு கெடக் கூடாது. இதுங்க அங்க போய் கையால பிசைஞ்சு தின்னுட்டு, எங்கப்பன் மீன் பிடிக்கிறான், மாடு மேய்க்கிறான்னு சொல்லிக்கிட்டு நின்னா நம்மைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

'இதுங்க' என்ற சொல்தான். அது வரைக்கும் எனக்குப் பயம் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பயம் போன இடம் தெரியவில்லை.

"எங்கப்பாவும் சேத்துல இறங்கி ஏர் உழறவர்தான் சார். கையாலதான் சாப்பிடறார். நானும் அப்படித்தான். முதல் பதினாலு விதியை ஸ்டென்சில் வெட்டித் தரேன். மீதி நாலை வெட்டமாட்டேன்."

"வெட்டமாட்டியா?"

"மாட்டேன் சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி, போ" என்றார். மத்தியானத்துக்குள் என் மேஜைக்கு மெமோ வந்தது. உத்தரவை மதிக்காததற்கு உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதை அடித்தவர் அக்கவுண்ட்ஸ் கிளார்க். இரண்டு விரலால் தட்டியது பார்த்தாலே தெரிந்தது. நிறைய எழுத்துப் பிழை. சிவப்புப் பேனாவால் அவற்றைத் திருத்தினேன். அது தேவையில்லாத காரியம்தான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். வாய்க்கால் வேலையை முடித்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா. வேல பூட்டா வேற கெடைக்குமா?" என்றார்.

"எழுதமாட்டேன்பா."

"உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? போறவன் அவன். கையெழுத்துப் போடறவன் அவன்."

"அடிக்கிறது நான்பா. என் கையால அடிக்கிறேன்."

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை வழக்கமாக நான் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகும் சைக்கிளை அவரே துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். அவ்வளவுதான்.

மெமோவுக்கு நான் எழுதிய பதில் ஒரே வாக்கியம்: 'புத்தகத்தில் இருப்பதை அடித்தேன், இல்லாததைப் புத்தகத்தின் பெயரில் அடிக்க மறுத்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

*

நான் வெட்டாவிட்டால் என்ன? அக்கவுண்ட்ஸ் கிளார்க்கை வைத்து முழுப் பட்டியலையும் அடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஏழு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். நான் என் மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெல்டர்தான் ஏதாவது பேசுவான் என்று நினைத்தேன். பேசியவர் டர்னர்.

"டைப்பிஸ்ட் அம்மா படிச்சுக் காட்டினாங்க சார். மொதல் பதினாலுக்கும் இப்பவே கையெழுத்துப் போடறோம். மூக்கு சிந்தல, செருப்போட போவல, ரயில்ல வாய தொறக்கல. மத்த நாலுக்குப் போட மாட்டோம்."

"போடலன்னா ஜப்பான் இல்லை" என்றார் பர்சனல் ஆபீசர்.

"இல்லன்னா இல்ல சார். லேத்து இங்கயே கீது."

வெல்டர் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னான்: "எங்க நைனாவ மறைச்சு வெச்சிக்கினு நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன் சார்."

ஏழு பேரும் தாளைத் தொடாமலே திரும்பிப் போனார்கள். ஆபீசில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அந்த ஏழு பேருக்கும் ஆறு மாத வெளிநாடு என்பது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வரும் வாய்ப்பு. மூன்று பேருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். 'ஜப்பான் போகிற மாப்பிள்ளை' என்று ஊரில் பெயர் ஆகியிருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு அவர்கள் வாசலைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். அன்றைக்கு என் வேலை போயிருந்தாலும் எனக்குத் துக்கம் இருந்திருக்காது.

விஷயம் இன்ஜினியர் இருந்த பிரஸ் ஷெட் வரை பரவியது. சனிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் ஏழு பேரும் அதே மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அன்று அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று பேச்சு அடங்கியது. நிமிர்ந்து பார்த்தால், வாசலில் ஜப்பானிய இன்ஜினியர். கையில் அலுமினிய டிபன் பாக்ஸ். உள்ளே வருவதா, திரும்புவதா என்று தெரியாமல் நின்றார். எல்லாரும் எழுந்தார்கள். அவர் முகம் வாடியது. காலைப் பின்னால் வைத்தார்.

"யாரும் எழுந்திருக்காதீங்க. நாம எழுந்தா, அவர் வந்தது நமக்குப் பிடிக்கலன்னு நினைச்சுக்குவார்" என்று நான் பதறிச் சொன்னேன்.

வெல்டர்தான் முதலில் உட்கார்ந்தான். பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்து, மரப்பலகையைத் தட்டினான். "வா சார், இங்க வந்து குந்து."

அவர் வந்து உட்கார்ந்தார். வெல்டர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த இறால் தொக்கை, கேட்காமலே, அவருடைய சோற்றின்மேல் வைத்தான். அவர் ஸ்பூனை மூடியிலேயே விட்டுவிட்டு, வலது கையால் பிசைய ஆரம்பித்தார். இடது கைக்காரர். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பாதிச் சோறு மேஜையில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டர்னர் தன் தட்டைக் காட்டி, கட்டைவிரலால் எப்படித் தள்ளுவது என்று ஒரு தடவை மெதுவாகச் செய்து காட்டினார்.

"உங்கள் அப்பா?" என்று இன்ஜினியர் வெல்டரைக் கேட்டார், இறாலைக் காட்டி. யாரும் சொல்லிக் கொடுக்காத கேள்வி.

"எங்க நைனா புட்சது" என்றான் வெல்டர். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் நன்றாகக் குனிந்து வெல்டருக்கு வணக்கம் வைத்தார்.

பர்சனல் ஆபீசர் கேன்டீன் ஜன்னலுக்கு வெளியே நின்று இதைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

*

திங்கட்கிழமை புதிய உறுதிமொழித் தாள் வந்தது. பதினான்கு விதிகள் மட்டும். யாரும் எதுவும் விளக்கவில்லை. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மீனம்பாக்கத்திலிருந்து விமானம் ஏறிப் போனார்கள்.

என்னை மன்னிக்கவில்லை. ஆபீசிலிருந்து ஸ்டோர்சுக்கு மாற்றினார்கள். தகரக் கூரை, எண்ணெய் நாற்றம், போல்ட்டும் நட்டும் நிரம்பிய தட்டுகள். மின்விசிறி கிடையாது. வைகாசி வெயிலில் கூரை படபடவென்று சத்தம் போடும். மூன்று மாதம் கழித்து, வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் பழைய மேஜைக்கே வரலாம் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். இங்கேயே சௌகரியமாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். சௌகரியமாக இல்லை. ஆனால் அப்படித்தான் சொன்னேன், இரண்டு தடவை.

நான்காவது மாதம் வெல்டரிடமிருந்து கடிதம் வந்தது. குளிரில் பல் கிட்டிப்போகிறது என்று எழுதியிருந்தான். முதல் நாளே தொட்டிக்குள் சோப்போடு இறங்கிவிட்டானாம். விடுதிக்காரக் கிழவர் வாளித் தண்ணீரையே அவன் தலையில் ஊற்றிவிட்டாராம். 'நீ படிச்சுக் காட்டினத மறந்துட்டேன் அக்கா, தப்பு எம்மேலதான்' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே எனக்கென்று ஒரு குத்து இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் வேர்க்கடலை தின்றுகொண்டே கடைத்தெருவில் நடந்திருக்கிறார்கள். கூட வந்த ஃபோர்மன் முகம் சிவந்துபோய், ஒரு ஓரமாக நிறுத்தி, தின்று முடித்த பிறகுதான் நகரவிட்டாராம். 'பதினைந்தாவது நெசம் அக்கா. அது மட்டும் நம்மாளு சொன்னது சரி.'

புத்தகத்தில் இல்லாததெல்லாம் பர்சனல் ஆபீசருடைய இட்டுக்கட்டு என்று நான் நினைத்தது தப்பு. பதினைந்தாவதைப் பற்றி அந்தத் தகரக் கூண்டில் இன்ஜினியரிடம் நான் கேட்கவே இல்லை. கோபத்தில் நான்கையும் ஒரே கட்டாகக் கட்டித் தள்ளியிருந்தேன். மறுநாள் நானே பர்சனல் ஆபீசரிடம் போய், "பதினைந்தாவது சரிதான் சார், நான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்போ கடிதம் கொடுத்துட்டு மேஜைக்கு வந்துடு" என்றார். "அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் சார் வருத்தம். மத்த மூணுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டோர்சுக்கே திரும்பினேன்.

அடுத்த வருஷம் இரண்டாவது கோஷ்டி புறப்பட வேண்டியிருந்தது. இன்ஜினியர் ஊருக்குத் திரும்பியிருந்தார். முதல் ஏழு பேரும் வந்து சேர்ந்திருந்தார்கள். பர்சனல் ஆபீசர் ஸ்டோர்ஸ் வாசலுக்கே வந்து நின்றார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"பட்டியலை இந்தத் தடவை நீயே போட்டுக் கொடுத்துடு."

"நான் போகாத ஊரு சார். போய் வந்தவங்க சொல்லட்டும். நான் எழுதித் தரேன். தமிழ்ல."

அவர் வேண்டா வெறுப்பாகத் தலையை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் ஏழு பேரும் ஸ்டோர்சுக்கு வந்து பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். தமிழ் டைப்ரைட்டர் எங்களிடம் இல்லை. ஸ்டென்சில் தாளை விரித்து, இரும்பு எழுதுகோலால் கையாலேயே எழுதினேன். அவர்களுக்குள் ஒரே சண்டை. நூடுல்ஸை உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடலாம் என்று ஒருவன் சொன்னான். எல்லா இடத்திலும் கூடாது என்றான் இன்னொருவன். ரயிலில் தமிழில் பேசலாம், ஆனால் பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்று முடிவானது. பரிசு கொடுத்தால் அங்கேயே பிரிக்காதே. கஷ்டம் என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம், திரும்பத் திரும்பக் கேட்காதே. நடந்துகொண்டே தின்னாதே. கடைசியாக டர்னர் சொன்னார், நான் எழுதினேன்:

'தெரியாமல் தப்பு செய்துவிட்டால் ஒரு தடவை குனிந்து மன்னிப்புக் கேள். அதற்குமேல் குனியாதே.'

பர்சனல் ஆபீசர் படித்துப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "இந்த ரெண்டாவது வாக்கியம் எதுக்கு? எடுத்துடலாமே" என்றார்.

"ஸ்டென்சில் வெட்டியாச்சு சார்" என்றேன்.

மையைத் தடவி, உருளையைச் சுற்றி, அப்படியே ஐம்பது காப்பி ஓட்டிக் கொடுத்தேன்.